அறுபத்து மூன்றாம் பெட்டி

கல் கொட்டகையில் அவளுக்கு ரம்பம் என்று பேர். ஒன்பது வருஷமாகக் கல் அறுக்கும் ரம்பத்தின் முன்னால் நிற்பதால் வந்த பேர். அவள் புருஷன் மலைச்சரிவில் போர் மெஷின் ஓட்டுகிறவர். "புருஷன் போர், பொண்டாட்டி ரம்பம். அந்த வீட்டுக்குப் போனா தூங்கித்தான் எழுந்து வரணும்" என்று கொட்டகையில் ஒரு பழைய கேலி உண்டு. உண்மையில் இருவருமே அதிகம் பேசாதவர்கள். அந்த வீட்டில் வாய் ஓயாதவள் ஒருத்திதான். முன்னறையில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் புருஷனின் அக்கா. மெஷின் ஓடினாலும் பேசுவாள், நூல் அறுந்தாலும் பேசுவாள்.

மலையில் தங்கம் இருக்கிறதா என்று பார்க்கக் கம்பெனி துளை போட்டுக்கொண்டிருந்தது. போர் மெஷின் இறக்கும் குழாயின் நுனியில் வைரத்தூள் பதித்த வளையம் இருக்கும். அது பாறையைச் சுற்றி அறுத்துக்கொண்டு இறங்க, நடுவில் மிஞ்சும் பாறை, மணிக்கட்டுப் பருமனில் ஒரு கம்பு மாதிரி குழாய்க்குள் ஏறி நிற்கும். அதை வெளியே எடுத்துத் தகரப் பெட்டியில் வரிசையாக அடுக்கி, எத்தனை மீட்டர் ஆழம் என்று எழுதிய கட்டையைச் செருகி, வண்டியில் கொட்டகைக்கு அனுப்புவார்கள். புருஷன் மேலே எடுத்து அனுப்புவதைத்தான் பெண்டாட்டி கீழே அறுத்தாள். கொட்டகையில் கல்லைக் கழுவி, ஈரத்தோடு போட்டோ எடுப்பார்கள். பிறகு கம்பெனியின் புவியியல் நிபுணர், கொட்டகையில் எல்லாருக்கும் கல்லு சார், கண்ணில் லென்ஸை வைத்துப் பார்த்து, சிவப்புப் பென்சிலால் கம்பின் நீளவாக்கில் ஒரு கோடு போடுவார். அந்தக் கோட்டின் மேலேயே ரம்பம் ஓட வேண்டும். அறுத்ததும் ஒரு பாதி துணிப்பையில் எண் கட்டிப் பரிசோதனைக் கூடத்துக்குப் போகும். மறு பாதி பெட்டியிலேயே சாட்சிக்கு இருக்கும்.

தகரக் கூரைக்குக் கீழே, வெயில் காலத்தில் அது ஒரு தனி உலகம். ரம்பத்தின் மேல் ஓயாமல் தண்ணீர் விழும். பாறையின் சாறு சாம்பல் நிறத்தில் முழங்கை வரை வழியும். காதை மூடிக்கொண்டு, ரப்பர் ஏப்ரனோடு எட்டு மணி நேரம் நின்றால் வீட்டுக்குப் போன பிறகும் கை அதிரும். தங்கம் எதையும் உடம்பில் போடக்கூடாது என்பது கொட்டகைச் சட்டம். தாலிச் செயினையும் மோதிரத்தையும் வீட்டில் டப்பாவில் வைத்துவிட்டுத்தான் அவள் வேலைக்கு வருவாள்.

ஒன்பது வருஷத்தில் கல்லை அவள் கையால் படித்து வைத்திருந்தாள். பச்சைக்கல் வெண்ணெய் மாதிரி அறுபடும், தட்டு தட்டாகப் பிரியும். வெள்ளைக்கல், கல்லு சார் வாயில் குவார்ட்ஸ், ரம்பத்தைக் கத்த வைக்கும். தங்கம் மாதிரி பளபளவென்று கட்டம் கட்டமாக இருப்பது பைரைட். அதற்குக் கொட்டகையில் இளிப்பான் என்று பேர். திருப்பிப் பிடித்தால் இளிப்பு போய்விடும். வெள்ளி நிறத்தில் ஊசி ஊசியாக இன்னொன்று உண்டு. சுத்தியலால் தட்டினால் பூண்டு வாசம் அடிக்கும், உள்ளே விஷம் இருக்கிறது, கை கழுவாமல் சாப்பிடாதே என்பார்கள். நிஜத் தங்கம் இளிக்காது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மஞ்சளில், மங்கலாக, வெள்ளைக்கல்லின் வெடிப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் பெரும்பாலும் கறுத்த ஈயக்கல் ஒரு பொட்டு இருக்கும். ஒன்பது வருஷத்தில் கண்ணுக்குத் தெரிகிற தங்கத்தை அவள் பார்த்தது ஆறே தடவை.

பதினேழாவது துளையோடு கான்ட்ராக்ட் முடிவதாக இருந்தது. மெஷினைக் கழற்றி வேறு மாநிலத்துக்கு ஏற்றுவார்கள் என்று பேச்சு. புருஷனோடு சேர்த்துப் பதினோரு பேர் மூட்டை கட்டத் தயாராகத்தான் இருந்தார்கள். அந்த நேரத்தில் அறுபத்து மூன்றாம் பெட்டி வந்தது. ஆழம் முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர். அதில் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளத்துக்கு வெள்ளைக்கல். மூன்று வாரம் கழித்துப் பரிசோதனைக் கூடத்திலிருந்து எண் வந்தது. டன்னுக்கு நாற்பத்தொரு கிராம். இரண்டு வந்தாலே கை குலுக்குகிற இடத்தில் நாற்பத்தொன்று.

கான்ட்ராக்டை நீட்டிவிட்டார்கள், இன்னும் ஆறு துளை. மெஷின்காரர்கள் கொட்டகைக்கே வந்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். "அண்ணி அறுத்த கையி ராசியான கையி" என்று ஒருவன் அவள் ஈரக்கையைப் பிடித்துக் குலுக்கினான்.

பதினைந்து நாள் போயிற்று. அவ்வளவு பெரிய எண் வந்தால் பெட்டியில் இருக்கும் மறு பாதியையும் சோதிப்பது வழக்கம். அந்தப் பாதியை நீளவாக்கில் இரண்டாக்கி, ஒரு கால் பங்கை வேறொரு கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அதன் எண் வந்தது.

பூஜ்யம் புள்ளி நாலு.

மறுநாளே மெஷினை நிறுத்தினார்கள். அதற்கு அடுத்த நாள் தலைமை அலுவலகத்திலிருந்து தணிக்கைக்காரர் வந்து இறங்கினார். ஐம்பது வயது மனிதர். யாரையும் அதட்டவில்லை. எல்லாரையும் உட்கார வைத்துத்தான் பேசினார். அதுதான் பயமாக இருந்தது.

"ஒரே கல்லும்மா. ரெண்டு பாதி. ஒண்ணுல நாப்பத்தொண்ணு, இன்னொண்ணுல ஒண்ணுமே இல்ல. எப்படி?"

"எனக்கு எப்படி சார் தெரியும்? நான் சமைச்சதா அது? பூமியில இருந்து வந்ததை அறுத்தேன்."

"பையில போட்டுக் கட்டினது நீங்கதான?"

"நான்தான்."

"கான்ட்ராக்ட் நீடிச்சா உங்க வீட்டுக்காரருக்கு வேலை. சரியா?"

அவளுக்கு அப்போதுதான் விஷயம் எங்கே போகிறது என்று புரிந்தது.

"சார், நான் அதுல தங்கத்தைக் கலந்தேன்னு சொல்றீங்களா?"

"நான் எதுவும் சொல்லலம்மா. கேக்குறேன். கேக்கத்தான் என்னை அனுப்பியிருக்காங்க."

மறுநாள் வீட்டில் இருக்கும் தங்க நகைகளை ரசீதோடு கொண்டுவரச் சொன்னார். தாலிச் செயினின் எடை சரியாக இருந்தது. மோதிரத்தைத் தராசில் வைத்தார்கள். பரிசோதனைக் கூடத்திலிருந்து வரவழைத்த தராசு. மூச்சு விட்டால் முள் ஆடும் என்று அதைச் சுற்றிக் கண்ணாடிக் கதவு. பதினைந்து வருஷத்துக்கு முந்தைய ரசீதில் நாலு கிராம் என்று இருந்தது. தராசு மூன்று புள்ளி ஒன்பது ஒன்று என்றது.

தணிக்கைக்காரர் ஒரு தாளில் கணக்குப் போட்டார். பையில் இருந்த கல்லின் எடை இரண்டு கிலோ இருநூறு. அது டன்னுக்கு நாற்பத்தொன்று காட்ட வேண்டுமானால் அதில் தொண்ணூறு மில்லிகிராம் தங்கம் இருக்க வேண்டும். மோதிரத்தில் குறைந்திருந்ததும் தொண்ணூறு. தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"இந்தத் தொண்ணூறு மில்லி எங்கம்மா போச்சு?"

"பதினைஞ்சு வருஷம் பாத்திரம் தேய்ச்சிருக்கேன் சார். துணி துவைச்சிருக்கேன். உங்க மோதிரத்தைக் கழட்டி வெச்சுப் பாருங்க, அதுவும் கொறைஞ்சிருக்கும்."

தணிக்கைக்காரர் தன் விரலைப் பார்த்தார். ஆனால் கழற்றவில்லை. "விசாரணை முடியுற வரைக்கும் நீங்க வீட்டுல இருங்க" என்றார்.

அவள் கல்லு சாரைப் பார்த்தாள். அவர் அறையின் மூலையில் ஒரு ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார். முப்பது வயதுகூட ஆகாத ஆள். சின்னக் குரல். வேலைக்குச் சேர்ந்து பத்து மாசம்தான் ஆகியிருந்தது. அவர் தலை நிமிரவேயில்லை.

*

வீட்டில் புருஷன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மெஷின் நின்றதிலிருந்து அவருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மின்விசிறியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். ஓடிக்கொண்டிருந்த குழாயை ரிப்பேர் செய்கிறேன் என்று ஒழுக வைத்தார். மெஷின்காரர்களில் இரண்டு பேர் காலையில் வந்து வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனதாக அக்கா சொன்னாள்.

"என்ன பேசினாங்க அண்ணி?" என்று அவள் கேட்டாள்.

"என்ன பேசுவாங்க? உன்னால பதினோரு பேர் சும்மா நிக்கிறாங்களாம். உன் கையி ராசியான கையின்னு டீ வாங்கிக் குடுத்தானே, அவன்தான் முதல் ஆளாப் பேசுறான். குடிச்ச டீயைக் கக்கிட்டுப் போடான்னு சொன்னேன்."

அவள் சோற்றை வடித்தாள். முட்டையை வேக வைத்தாள். வெங்காயம் நறுக்கும்போது புருஷன் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"ஒண்ணு கேக்கவா?"

"கேளுங்க."

"மோதிரம்... எப்பவும் டப்பாவுலதான இருந்துச்சு?"

கத்தி நின்றது. அவள் திரும்பவில்லை.

"வேற எங்க இருந்துச்சுன்னு நினைக்கிறீங்க?"

"நினைக்கல. சும்மா கேட்டேன். அவங்க கேட்டா ஒரே மாதிரி சொல்லணும்ல."

"என்ன ஒரே மாதிரி? உண்மை ஒரே மாதிரிதான் இருக்கும். அதை ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டு சொல்லணுமா?"

"ஏன் கத்துற? நான் உன்னை எதுவும் சொன்னேனா?"

"எனக்காகப் பண்ணினியான்னு கேக்க வந்தீங்க. அதைக் கேக்க வாய் வராம மோதிரத்தைக் கேக்குறீங்க."

அவர் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். மூன்று பேரும் தனித்தனி நேரத்தில் சாப்பிட்டார்கள். அந்த வீட்டில் அப்படி நடந்ததே இல்லை. அக்காகூட அன்று மெஷினை ஓட்டவில்லை.

நான்கு நாள் அவள் வீட்டிலேயே கிடந்தாள். வெளியே அனல் காற்று. செம்மண் ஜன்னல் வழியே வந்து எல்லாவற்றின் மேலும் படிந்தது. துடைத்தாள், மறுபடி படிந்தது. அந்த ஒரு மீட்டர் கல்லை மனதுக்குள் திரும்பத் திரும்ப அறுத்துப் பார்த்தாள். சாதாரணமாக வெள்ளைக்கல் கம்பின் குறுக்கே பட்டையாக வரும். இது அப்படி இல்லை. இதில் ஒரு மெல்லிய கறுத்த இழை, தலைமுடி மாதிரி, கம்பின் நீளவாக்கிலேயே ஓடியது. அதன் பக்கத்தில் ஈயக்கல் பொட்டுப் பொட்டாக இருந்தது. சிவப்புக் கோடு அந்த இழையின் மேல் இல்லை. ஒரு விரல் தள்ளி, பக்கத்தில் இருந்தது. கோடு எங்கே இருந்ததோ அங்கே அவள் அறுத்தாள். அப்படியென்றால் இழை முழுக்க ஒரே பாதிக்குப் போயிருக்கும்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் எழுந்து சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க போற?" என்றார் புருஷன்.

"கல்லு சார் வீட்டுக்கு."

"நானும் வரேன்."

"வேண்டாம். நீங்க வந்தா ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டு வந்ததா எழுதுவாங்க."

*

கல்லு சார் ஒரு மாடி அறையில் குடியிருந்தார். வாளியில் துணியை அலசிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கை நின்றது. அறையில் ஒரு கட்டில், ஒரு லேப்டாப், ஜன்னல் விளிம்பில் வரிசையாகக் கல் துண்டுகள்.

"வாங்கக்கா. உக்காருங்க. டீ போடவா?"

"வேண்டாம் சார். அறுபத்து மூணாம் பெட்டி போட்டோவைப் பாக்கணும். ஈரத்தோட எடுத்தது."

"அது ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருக்கு."

"இதுல இல்லையா?"

அவர் லேப்டாப்பைப் பார்த்தார். பிறகு ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார்.

"அக்கா, தங்கம் சமமா இருக்கவே இருக்காது. அதான் விஷயமே. பூமிக்கு அடியில இருந்து சுடுதண்ணி வெடிப்பு வழியா ஏறி வந்திருக்கு. அதுல தங்கம் கரைஞ்சிருக்கும். வெடிப்பு வளையுற இடம், திடீர்னு அகலமாகுற இடத்துல அழுத்தம் குறையும். தண்ணி கொதிச்சு, வெச்சிருந்ததை எல்லாம் ஒரே மூலையில கொட்டிட்டுப் போயிடும். ஒரு விரல் தள்ளிப் பாத்தா ஒண்ணும் இருக்காது. மாவுல உப்பு மாதிரி இல்ல இது. பாயசத்துல முந்திரி மாதிரி. ஒருத்தர் கிண்ணத்துல நாலு விழும், இன்னொருத்தருக்கு ஒண்ணுகூட விழாது."

"அழகா சொல்றீங்க. இதை அன்னைக்கு அந்த ரூமுல சொல்ல வேண்டியதுதான?"

அவர் ஜன்னல் விளிம்பிலிருந்து ஒரு கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாலு பேர் முன்னாடி என் மோதிரத்தைத் தராசுல வெச்சாங்க. நீங்க ஃபைலைப் புரட்டுனீங்க. அதுல என்ன சார் எழுதியிருந்துச்சு அவ்வளவு முக்கியமா?"

"அக்கா..."

"இழை நீளவாக்குல ஓடுச்சு. கோடு அதுக்கு நடுவுல போயிருக்கணும். ரெண்டு பாதிக்கும் பாதி பாதி வந்திருக்கும். கோடு பக்கத்துல இருந்துச்சு. இருந்துச்சா இல்லையா?"

கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்து ஸ்டார்ட் செய்ய முயன்றுகொண்டிருந்தார்கள். அது ஓயும் வரை அவர் காத்திருந்தார்.

"இருந்துச்சு. அன்னைக்கு நாப்பது பெட்டி பாத்தேன். கண்ணு எரிஞ்சுது. முந்தின கல்லுல போட்ட கோட்டை அப்படியே நீட்டிட்டுப் போயிட்டேன். இன்னும் ரெண்டு மாசத்துல என்னை நிரந்தரம் பண்ணுவாங்கக்கா. இப்ப போய் நான்தான் தப்பா கோடு போட்டேன்னு சொன்னா அன்னைக்கே அனுப்பிடுவாங்க. வீட்டுல என்னை நம்பி நாலு பேர் இருக்காங்க."

"எங்க வீட்டுல யாரும் இல்லையா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளுக்கு அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டையும் ஒன்றாகத் தாங்குவது எரிச்சலாக இருந்தது.

"சரி. கோட்டைப் பத்திப் பேச வேண்டாம். ஒண்ணு மட்டும் பண்ணுங்க. என் பையில போன கல்லை அங்க அரைச்சிருப்பாங்கல்ல. அதுல ஒரு பிடிதான உலையில போட்டு எண் சொன்னாங்க. மீதி மாவு எங்க?"

"கூடத்துலயே வெச்சிருப்பாங்க. ஆறு மாசம்."

"அதைச் சல்லடையில சலிக்கச் சொல்லுங்க. தங்கம் மாவாகாது, தட்டையாகி மேல நிக்கும்னு நீங்கதான் ஒரு தடவை சொன்னீங்க. நிக்கிறதை லென்ஸ்ல பாக்கட்டும். என் மோதிரம்னா அதுல செம்பு இருக்கும். பூமியில இருந்து வந்ததுன்னா கல் ஒட்டிக்கிட்டு இருக்கும்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இது தனக்குத் தோன்றவில்லையே என்ற திகைப்பு அந்தப் பார்வையில் இருந்தது. தோன்றியும் சொல்லவில்லையோ என்று அவளுக்குச் சந்தேகம்.

"எழுதுறேன்" என்றார்.

"இப்பவே எழுதுங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

அவர் எழுதி அனுப்பும் வரை அவள் எழவில்லை. வாளியில் ஊறிய துணிகளைப் பிழிந்து, கொடியில் காயப்போட்டுவிட்டு இறங்கினாள். ஏன் அதைச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

வீட்டில் புருஷன் வாசல்படியில் நின்றிருந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். இழை, கோடு, சல்லடை எல்லாவற்றையும். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "நான் அப்பவே நினைச்சேன், நீ பண்ணியிருக்க மாட்டேன்னு" என்றார்.

அவள் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

*

இருபத்து நாலு நாள் காத்திருந்தாள். அதற்குள் வெயில் போய் மழை வந்தது. போனால் "வரல" என்பார்கள். போன் செய்தால் "சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். ஒருநாள் அலுவலக வாசலில் இரண்டு மணி நேரம் நனைந்தபடி நின்றாள். வாட்ச்மேன் குடையைக் கொடுத்தானே தவிர உள்ளே விடவில்லை. ஒன்பது வருஷமாகக் காலையில் வணக்கம் சொன்ன வாட்ச்மேன்.

"நான் என்னம்மா பண்றது? பேர் லிஸ்ட்ல இல்ல."

"என் மூஞ்சி தெரியுதுல்ல?"

"மூஞ்சி தெரியுது. லிஸ்ட்ல இல்ல."

வீட்டில் புருஷன் அவளோடு நன்றாகத்தான் பேசினார். அளவுக்கு மீறி நன்றாகப் பேசினார். வெங்காயம் நறுக்கிக் கொடுத்தார். வருகிறவர்களிடமெல்லாம் "நான் முதல்ல இருந்தே நம்பினேன், அவ அப்படிப்பட்டவ இல்ல" என்றார். அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் அவள் எழுந்து வேறு அறைக்குப் போனாள். அக்கா இதைக் கவனித்தாள். ஆனால் அவளுக்கும் அதைப் பற்றிப் பேச்சு வரவில்லை.

இருபத்தைந்தாம் நாள் கூப்பிட்டார்கள். தணிக்கைக்காரர், மேலாளர், கல்லு சார், மூன்று பேரும் மேசைக்கு அந்தப் பக்கம். தணிக்கைக்காரர் முகம் தெளிவாக இருந்தது.

"நல்ல செய்திம்மா. மீதி மாவைச் சலிச்சாங்க. பதினாலு துகள் நின்னுச்சு. செம்பு இல்ல. ரெண்டு துகள்ல குவார்ட்ஸ் ஒட்டியிருக்கு, ஒண்ணுல ஈயக்கல். பூமித் தங்கம்தான். உங்க மேல இருந்த சந்தேகம் போச்சு. மறுபடி வேலைக்கு வரலாம்."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மேலாளர் ஒரு தாளை நீட்டினார்.

"இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

அவள் நிதானமாகப் படித்தாள். இரண்டு பாதிகளுக்கும் இடையே ஏற்பட்ட வித்தியாசத்துக்குக் காரணம், கல் குறிக்கப்பட்ட கோட்டிலிருந்து விலகி அறுக்கப்பட்டது. அறுப்பாளர் இனி கவனமாக இருக்குமாறு எச்சரிக்கப்படுகிறார்.

திருடி இல்லை, கவனக்குறைவானவள். அவ்வளவுதான் மாறியிருந்தது.

"இது யார் சொன்னது?"

"ரெண்டு பாதிக்கும் இவ்வளவு வித்தியாசம் இருந்தா ஏதோ ஒரு காரணம் எழுதணும்லம்மா" என்றார் மேலாளர். "சும்மா எச்சரிக்கைதான். சம்பளத்துல கை வைக்க மாட்டோம்."

"நான் கோட்டு மேலதான் அறுத்தேன்."

"அதை இப்ப எப்படித் தெரிஞ்சுக்கிறது? கல்லு அறுத்தாச்சு. போட்டோவுல கோடு இல்ல, கோடு போடுறதுக்கு முன்னாடி எடுத்தது."

அவள் கல்லு சாரைப் பார்த்தாள். அவர் மேசையின் விளிம்பைப் பார்த்தார். அவள் சட்டென்று எழுந்தாள். கதவைத் திறந்து கொட்டகைக்குள் போய், பெட்டிகளின் வரிசையில் அறுபத்து மூன்றை இழுத்து, அதிலிருந்து வெள்ளைக்கல்லின் மிச்சம் இருந்த கால் பங்கை எடுத்தாள். வரும்போதே அதன் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள். கோடு போட்டிருந்த மேல்பக்க விளிம்பு அதில்தான் இருந்தது. மறு கால் பங்கோடு அது போயிருந்தால் அவள் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவளோடு ஒட்டியிருந்த அதிர்ஷ்டம் அவ்வளவுதான். ஈர ஏப்ரன் இல்லாமல், வெறும் சேலையோடு, அந்தக் கல்லைக் கொண்டுவந்து மேசை மேல் தாளின் மீதே வைத்தாள்.

"சார், ரம்பத்தோட பல்லு ரெண்டு மில்லிமீட்டர் கனம். பென்சில் கோடு அதுல பாதிகூட இல்ல. கோட்டு மேல ஓட்டினா ரம்பம் கோட்டைத் தின்னுடும். விலகி ஓட்டினா கோடு கல்லு மேல நிக்கும். பாருங்க. கோடு எங்க?"

தணிக்கைக்காரர் கல்லை எடுத்தார். ஜன்னல் பக்கம் திரும்பி, விளிம்பை வெளிச்சத்தில் காட்டி, முழு நீளத்துக்கும் பார்த்தார். சிவப்பு எங்கும் இல்லை. இரண்டு இடத்தில் மட்டும், கல் உடைந்திருந்த சின்னப் பள்ளத்தில், வெட்டிய விளிம்பை ஒட்டிப் புள்ளியாகச் சிவப்பு இருந்தது. ரம்பம் எட்டாத பள்ளம்.

"கோட்டு மேலதான் போயிருக்கு" என்றார் மெதுவாக. கல்லை வைத்துவிட்டுக் கல்லு சாரைப் பார்த்தார். "அப்ப கோடு?"

கொட்டகையில் வேறு யாரோ ஓட்டிக்கொண்டிருந்த ரம்பம் வெள்ளைக்கல்லில் ஏறிக் கத்தியது. கல்லு சார் மேசை மேல் இருந்த ஒரு ஃபைலைத் தன் பக்கம் இழுத்தார்.

"ரெகார்டைப் பாக்கணும் சார்" என்றார். "பாத்துட்டுத்தான் சொல்லணும்."

அவள் கையெழுத்துப் போடவில்லை. அந்தத் தாளை அவர்கள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

*

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அவள் கையில் இல்லை. தங்கம் உண்மைதான், ஆனால் இவ்வளவு முந்திரி மாதிரிச் சிதறிக் கிடக்கிற தங்கத்தை நம்பி சுரங்கம் தோண்ட முடியாது என்று தலைமை அலுவலகம் முடிவு செய்தது. எங்கே நாற்பது, எங்கே ஒன்றுமில்லை என்று சொல்ல இன்னும் நூறு துளை வேண்டும். நூறு துளைக்கு யாரும் தயாராக இல்லை. மெஷினைக் கழற்றி ஏற்றினார்கள். கொட்டகையை மூடினார்கள். கல்லு சாருக்கு வேறு ஊரில் வேலை நிரந்தரமாகிவிட்டதாகக் கேள்வி. போகும்போது அவர் வந்து சொல்லிக்கொள்ளவில்லை.

மாசக் கடைசியில் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. முன்னறையில் அக்கா சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் ஜன்னலோரம் வேலை விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தாள். மூன்றே வரி. விசாரணை முடிவடைந்தது. வித்தியாசத்துக்கான காரணம் கண்டறியப்படவில்லை. ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.

"கண்டறியப்படலையா?" அக்கா ஊசியைக் கீழே வைத்தாள். "அவனுங்க கண்ணு முன்னாடி கல்லைத் தூக்கி வெச்சுக் காமிச்சியே! இவனுங்க கண்ணைப் பொத்தான் தைக்கத்தான் வெச்சிருக்கானுங்களா? அதுக்கும் ஆகாது!"

"விடுக்கா" என்றார் புருஷன். "எப்படியோ பேர் கெடாம முடிஞ்சுதே. எனக்கு முதல்ல இருந்தே தெரியும்..."

"போதும்" என்றாள் அவள்.

குரல் உயரவில்லை. ஆனால் இருவரும் நிறுத்திவிட்டார்கள்.

"இன்னொரு தடவை அதைச் சொல்லாதீங்க. ஆபீஸ்காரங்க காரணம் தெரியலன்னு எழுதிட்டாங்க. கல்லு சார் ரெகார்டைப் பாக்கணும்னு சொல்லிட்டுப் போயிட்டார். மெஷின்காரங்க ஒருத்தரும் இந்தப் பக்கம் வரல. எல்லாரும் கையைக் கழுவிட்டாங்க. நீங்களும் கழுவாதீங்க."

அக்கா சட்டையை மடித்து வைத்துவிட்டு எழுந்தாள். தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிக்கொண்டு பின்பக்கம் போனாள். குழாயைத் திறக்கும் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

புருஷன் பேப்பரை மடித்தார். மறுபடி விரித்தார். மறுபடி மடித்தார்.

"நம்பல" என்றார்.

அவள் காத்திருந்தாள்.

"நீ அடுப்படியில நின்ன அன்னைக்கு நம்பல. அதுக்கு அப்புறமும் நம்பல. நீ எனக்காகத்தான் பண்ணிட்டன்னே நினைச்சேன். கோவம் வரல. இவ்வளவு செஞ்சிருக்காளேன்னு ஒரு மாதிரி... சந்தோஷமாக்கூட இருந்துச்சு. அது இன்னும் அசிங்கம். நீ சார் வீட்டுக்குப் போயிட்டு வந்து கோட்டைப் பத்திச் சொன்ன பாரு, அப்பதான் விட்டுச்சு. அதுவரைக்கும் அஞ்சு நாள் உன்னைத் திருடின்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

சொல்லி முடித்ததும் அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. அவள் கடிதத்தை உறைக்குள் போட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. இந்த இரண்டு மாசத்தில் முதல் தடவையாக வந்தது. அதைத் துடைக்காமலேயே அவருக்கு எதிரில், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்குக் கோவம் இருக்கு" என்றாள். "உடனே போகாது. நாள் ஆகும்."

"சரி."

"ஆனா இத்தனை பேர்ல, தான் பண்ணினது தப்புன்னு ஒத்துக்கிட்ட ஆள் நீங்க ஒருத்தர்தான்."

பிறகு அவர் மடியில் இருந்த பேப்பரை வாங்கி, அதில் அவர் பென்சிலால் வட்டம் போட்டிருந்த இடங்களை ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தாள்.